சம்பந்தி வீட்டுக் காலணா

ஐயம்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி, முசரவாக்கம் துரைக்கண்ணு அவர்களின் சமூகத்துக்குப் பூவராகவன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவி காந்தாவும் சௌக்கியம். புனேயில் பெரிய பிள்ளை வீட்டில் நீங்களும் சம்பந்தியம்மா லோகாம்பாள் அவர்களும் சௌக்கியமாக இருக்க வரதராஜப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். என் மகள் பிரியதர்ஷினியும், உங்கள் இளைய பிள்ளையும் என் மாப்பிள்ளையுமான கலைவாணனும் அவர்கள் வேலை பார்க்கும் ஊரில் சௌக்கியம். நீங்கள் பத்திரமாக வைக்கச் சொல்லி எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பதினேழு பழைய நாணயங்களில் பதினாறு சௌக்கியம். பதினேழாவது இப்போது தேறி வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பதற வேண்டாம். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மேலே படியுங்கள். தொலையவில்லை, திருடு போகவில்லை, உருக்கவில்லை. டப்பா பீரோவில் இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான்கு தடவை உங்கள் நம்பரைப் போட்டேன். நான்கு தடவையும் நீங்கள் எடுத்து, "சொல்லுங்க சம்பந்தி, டப்பா பத்திரமா இருக்குதா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டீர்கள். நான்கு தடவையும் நான், "மழை பேஞ்சுதா சம்பந்தி அங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். புனேயில் பெய்யும் மழையைப் பற்றி எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். காரணம் இதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் அந்த பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். பூட்டிய வீட்டில் விட்டுப் போக மனசு வரவில்லை என்றீர்கள். மூடியைத் திறந்து, கறுத்துப் போன அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காலணாவை மட்டும் எடுத்துக் காட்டி, "பத்தொம்பது வயசுல நான் முதமுதல்ல சேத்த காசு சம்பந்தி. மத்ததுக்கு எது ஆனாலும் தாங்கிக்குவேன். இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தாங்கமாட்டேன்" என்றீர்கள். நான் யார்? முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். காஞ்சிபுரத்தில் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்குவதற்குள் எத்தனை ஆயிரம் காசு இந்த உள்ளங்கையில் ஓடியிருக்கும்! பார்க்காமல் பைக்குள் கைவிட்டே எந்தக் காசு என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில், "காசு விஷயத்த எங்கிட்ட விட்டுடுங்க" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டேன். கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தபோதுகூட ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்ட சம்பந்தி நீங்கள். உங்களைப் போல ஒருவர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெண்ணைக் கொடுத்தவனுக்குத்தான் தெரியும். உங்கள் நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு உங்கள் வீட்டு வாசலை மிதிப்பேன்? போன பதினைந்து நாளாக என்னைத் தூங்கவிடாதது இந்த ஒன்றுதான்.

நடந்தது என்னவென்றால், நீங்கள் பதினான்காம் தேதி வருவதாகத் தகவல் வந்ததும் டப்பாவைத் திருப்பித் தர ஆயத்தமானோம். நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு தூக்கில் ரசம் வந்தால்கூட அந்தத் தூக்கைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, வெறுமனே கொடுக்காமல் உள்ளே நாலு முறுக்காவது போட்டுத்தான் அனுப்புவோம். காந்தா டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை, மூன்றில் மண். அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இன்னாங்க இது, சம்பந்தி ஊட்டு சாமான இப்பிடியே பாசி புடிச்சிக்கினு திருப்பிக் குடுத்தா நம்மள இன்னா நினைப்பாங்க? மூணு மாசம் வச்சிக்கினு இருந்தாங்களே, ஒரு நாள் கழுவணும்னு தோணலையான்னு சம்பந்தியம்மா கேப்பாங்க இல்ல? நம்ம பொண்ணு அங்க தல நிமிந்து நடக்கணுமா வேணாமா?" என்றாள். பெண்ணின் மானம் வரைக்கும் போன பிறகு, கழுவித்தான் தருவது என்று முடிவாயிற்று. அன்று வியாழக்கிழமை வேறு. வெள்ளிக்கிழமை பூஜைக்காகக் குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் புளி போட்டு ஊறிக்கொண்டிருந்தன. சரி, முதலில் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பதினேழு இருக்கும்போது என் கை எதை எடுத்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இரண்டு நிமிஷம்தான் சம்பந்தி. காந்தா விரலால் லேசாகத்தான் தேய்த்தாள், அதற்கு நான் சாட்சி. கறுப்பெல்லாம் புளித்தண்ணீரோடு போய், காலணா இளஞ்சிவப்பாகப் பளபளவென்று வெளியே வந்தது. அதில் பொறித்திருந்த இரண்டு சிங்கமும் பிடரி மயிரோடு தெரிந்தன. நாங்கள் சந்தோஷப்பட்டோம் சம்பந்தி, அதை மறைக்க மாட்டேன். கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழகு பார்த்தோம். மற்ற பதினாறையும் இதே மாதிரி ஜொலிக்க வைத்து உங்களை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. வெள்ளிக் காசுக்குப் புளி போடலாமா, பற்பசை போடலாமா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள போனில் ஒரு வீடியோவைப் போட்டேன். அதில் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, பழைய நாணயத்தின் மேலே படிந்திருக்கும் அந்த நிறம்தான் அதன் தோல், அதை உரித்தால் நாணயத்தின் மதிப்பே போய்விடும், சேகரிப்பவர்கள் கையால்கூடத் தொடமாட்டார்கள், பளபளப்பாக்குபவன் நாணயத்தைக் கொல்பவன் என்றார். நான் காந்தாவைப் பார்த்தேன். காந்தா காலணாவைப் பார்த்தாள். அது எங்கள் இருவரையும் பார்த்து மின்னியது.

அப்போதே உங்களுக்குப் போன் செய்து காலில் விழுந்திருக்க வேண்டும். செய்யவில்லை. போன கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று என் புத்தி வேலை செய்தது. காஞ்சிபுரத்துக்காரனுக்கு நிறம் போச்சு என்றால் முதலில் எங்கே ஓடத் தோன்றும்? பிள்ளையார்பாளையத்தில் சாயப் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதன் தனசேகரனிடம் ஓடினேன். பட்டில் எந்த நிறத்தைக் கேட்டாலும் இறக்கிக் கொடுப்பவன், ஒரு காசுக்குக் கறுப்பு ஏற்ற மாட்டானா? அவன் காலணாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறுப்புன்னா எந்தக் கறுப்புப்பா? சாம்பிள் குடு" என்றான். சாம்பிளைத்தான் நாங்கள் புளியில் கரைத்துவிட்டோமே! "கறுப்பு நாளைக்குத்தான் காய்ச்சுவேன். இப்ப அரக்கு செவப்புதான் கொதிச்சிக்கினு இருக்குது. அதுல ஒரு முக்கு முக்கினா இந்த மினுக்கு கொஞ்சம் அடங்கும்" என்று சொல்லி, பட்டு நூலில் கட்டி, நூல் கற்றையை முக்குவது போலவே பவ்யமாக முக்கி எடுத்தான். எடுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல புடிக்கலப்பா. பள்ளத்துல மட்டும் புடிச்சிருக்குது" என்றான். எந்தப் பள்ளம் என்று பார்த்தால், இரண்டு சிங்கத்தின் வாயும். இப்போதுதான் எதையோ அடித்துத் தின்றுவிட்டு வந்தது போல இரண்டும் என்னைப் பார்த்து நின்றன.

அதோடு நின்றோமா? மண்ணில் இருந்ததால்தானே மற்ற காசெல்லாம் கறுத்தன என்று காந்தா ஒரு காரணம் கண்டுபிடித்தாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. துளசிச் செடித் தொட்டியில் நாலு விரல் ஆழத்தில் காலணாவைப் புதைத்தோம். காலையில் குளித்துவிட்டு அவள் துளசியைச் சுற்றி வரும்போது, "சீக்கிரம் கறுக்கணும் தாயே, பதினாலாந்தேதிக்குள்ள கறுக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் காதில் விழுந்து, என்ன கறுக்க வேண்டும் என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். ஒன்பது நாள் கழித்துத் தோண்டினால், சேற்றில் குளித்த இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளிடமிருந்து போன் வந்தால்கூட நீங்கள்தான் விஷயம் தெரிந்து பேசச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைத்து வாசலுக்குப் போய்விடுவேன்.

காலணாவைத் தோண்டிய அன்று ஞாயிற்றுக்கிழமை. தெய்வம் போல வந்தது ஒரு பெண். தனசேகரனின் தங்கை மகள், தேவிப்ரியா என்று பெயர். சென்னையில் செப்பேடு, பழைய காசு, உலோகச் சாமான் எல்லாம் கெடாமல் சுத்தம் செய்து பாதுகாக்கிற வேலையாம். தோழி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவளை, குற்ற உணர்ச்சி தாங்காமல் தனசேகரனே நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மேஜைமேல் துண்டை மடித்து விரிக்கச் சொன்னாள். கை தவறினாலும் துண்டின் மேல்தான் விழ வேண்டுமாம். நான் காலணாவை எடுத்து நீட்டினேன். "ஐயா, முகத்து மேல விரல வைக்காதீங்க. வேர்வையில இருக்கிற உப்பு அப்படியே ஒட்டிக்கும். ஓரத்த மட்டும் பிடிங்க" என்றாள். முப்பத்தொரு வருஷம் காசு வாங்கிய கைக்கு, காசைப் பிடிப்பது எப்படி என்று பாடம்! ஓரத்தைப் பிடித்தேன்.

பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். காந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பெண் நிமிர்ந்து, "அம்மா, நீங்க எதால தேய்ச்சீங்க?" என்று கேட்டாள். "விரலாலதான்மா. சாமி சத்தியமா" என்றாள் காந்தா. "அப்படின்னா இது உங்க வேலை மட்டும் இல்ல. இதோ பாருங்க, வட்ட வட்டமா கீறல் ஓடுது. தேங்கா நாரு மாதிரி ஏதோ ஒண்ணு வச்சு, சாம்பலோ மண்ணோ போட்டு, நல்லா அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. இந்தக் காசோட பழைய தோலு உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு. நீங்க எடுத்தது அதுக்கு மேல இருந்த ஏதோ அழுக்குதான்" என்றாள். சம்பந்தி, நான் ரிட்டயர் ஆன அன்றுகூட இவ்வளவு நிம்மதியாக மூச்சு விடவில்லை. காந்தா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அந்தப் பெண் பயந்து போய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு அவள் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் பிரயோஜனப்படும் என்று எழுதுகிறேன். பழைய காசை முதலில் சுத்தம் செய்ய வேண்டுமா என்றே யோசிக்க வேண்டுமாம், பத்தில் எட்டுக்கு வேண்டாமாம். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை, விளக்கு தேய்க்கும் பொடி எதையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் மட்டும், நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு இருப்பதால் அது வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு கிண்ணத்துக்கு ஒரு காசு என்று போட்டு, ஒன்றோடொன்று உரசாமல் ஊறவிட்டு, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். இளகிய மண்ணை மூங்கில் குச்சியின் நுனியால் பொறுமையாகத் தள்ளலாம், வராவிட்டால் விட்டுவிட வேண்டும், வம்பு பண்ணக் கூடாது. பிறகு பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகுதான் காகித உறையில் போட வேண்டும், பிளாஸ்டிக் கவரில் போட்டால் அதுவே பச்சை பிடிக்க வைக்கும். பொடிப் பொடியாக உதிர்கிற வெளிர்பச்சை தெரிந்தால் அது நோய், உடனே தனியாக எடுத்து வைத்து, தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். நம்முடையதில் நோய் எதுவும் இல்லையாம், நன்றாகப் பார்த்துச் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, மறுபடியும் கறுப்பாக்குகிறேன் என்று எதையும் செய்யக் கூடாது, அது முதல் குற்றத்தை மறைக்கச் செய்கிற இரண்டாவது குற்றம், பல வருஷத்தில் தானாகவே மங்கும் என்று என்னைப் பார்த்தே சொன்னாள். கை அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அவள் சொன்னபடியே நான்கு நாள் ஊறவைத்தோம். முதல் நாள் காலணாவின் கிண்ணத்தில் தண்ணீர் அரக்காக மாறியது, நாலாம் நாள் தெளிந்துவிட்டது. சிங்கங்களின் வாய் சுத்தம். மண் ஒட்டிய மூன்றும் அழகாக இளகி வந்தன. மற்றவற்றைத் தொடவே இல்லை. நேற்றுத்தான் பதினைந்து நாள் கழித்து இரண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் சம்பந்தி, இந்தக் காலணாவை முன்பு தேய்த்த அந்தப் பேர்வழி யார்? நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்துக்கொண்டு, பற்றுப் பாத்திரம் துலக்குகிற வேகத்தில் ஒரு சரித்திரச் சின்னத்தைத் தேய்த்திருக்கிறார் என்றால், அவர் மண்டைக்குள்ளே மூளை இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்திருக்கும்? மனசாட்சி என்று ஒன்று இருந்தால் தேய்த்த பிறகாவது ஒப்புக்கொண்டிருக்க வேண்டாமா? ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருக்கும் அந்த ஜென்மம் மட்டும் என் வண்டியில் ஏறியிருந்தால், டிக்கெட் இருந்தாலும் நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பேன். நிச்சயம் ஆணாகத்தான் இருக்க வேண்டும், ஒரு பெண்ணுக்கு இத்தனை முரட்டுக் கை இருக்காது என்று காந்தாவிடமும் அடித்துச் சொல்லிவிட்டேன். நாங்கள் செய்தது அறியாமல் செய்த பிழை, அதையும் இதோ ஒளிவு மறைவில்லாமல் உங்கள் முன்னால் வைத்துவிட்டோம். எது ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறவன் நான். அதனால்தான் இன்று என் நெஞ்சில் பாரமே இல்லை.

எங்கள் பிழையைப் பொறுத்து, பதினான்காம் தேதி நேராக எங்கள் வீட்டுக்கே சாப்பிட வந்துவிடுங்கள். டப்பாவை வெறுமனே தரக்கூடாது என்று காந்தா அதற்குள் அதிரசம் வைக்கப் போனாள். எண்ணெயோடு நாணயத்தின் பக்கமே போகக் கூடாது என்று அதட்டி, தனிப் பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சம்பந்தியம்மாவும் நூறு வயது ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பேரன் பேத்தி பார்த்து, அவர்களுக்கும் இந்தக் காலணாவைக் காட்ட வேண்டும். ஓரத்தைப் பிடித்துத்தான்.

இப்படிக்கு,
பாரம் இறங்கிய பணிவுடன்,
உங்கள் சம்பந்தி
பூவராகவன்

பின்குறிப்பு:
மரியாதைக்குரிய சம்பந்தியம்மா லோகாம்பாள் அவர்களுக்கு, கவரில் பெயரை உங்கள் பெயராக மாற்றி எழுதிவிட்டேன். உங்கள் பெயரில் வருவதைச் சம்பந்தி பிரித்துப் பார்க்க மாட்டார் என்று காந்தா சொன்னாள். நான் கவரை ஒட்டப் போன நேரத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள். காந்தா மனசு தாங்காமல் எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டியதும், நீங்கள் சிரிக்க ஆரம்பித்து, "அட, அந்தக் காலணாவா அண்ணி? போன வருஷம் போகிக்கு நான்தான் நாரு போட்டு வெளக்கி வச்சேன். அப்பறம் பயந்துக்கினு நானே கறுப்பு ஏத்தி வச்சேன். அந்தக் கறுப்பத்தான், எவ்ளோ வருஷத்துக் கறுப்பு பாருன்னு வரவங்க போறவங்ககிட்டலாம் காட்டிக்கினு இருக்காரு மனுஷன்" என்று சொன்னதை நானும் பக்கத்திலிருந்து கேட்டேன். ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட மனசு வரவில்லை. ஆகவே, மேலே பேர்வழி என்றும் ஜென்மம் என்றும் மூளை என்றும் எழுதியிருக்கும் பகுதியை நீங்கள் படிக்காமல் தாண்டிவிட வேண்டும். இதற்குள் படித்துவிட்டிருந்தால், அது எழுதிய கையின் குற்றம், மனசின் குற்றம் இல்லை. நீங்கள் என் வண்டியில் ஏறினால் முதல் சீட்டு உங்களுக்குத்தான்.

ஒரே ஒரு விஷயம். எதைப் போட்டுக் கறுப்பு ஏற்றினீர்கள் என்று சொல்ல வாய் எடுக்கும்போது, "அவரு வராரு அண்ணி" என்று போனை வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிட்டால் சம்பந்தியே எடுத்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது, புனே மழையைப் பற்றிக் கேட்க இனி எதுவும் மிச்சமில்லை. விளக்குக் கரியா, கண்மையா, எத்தனை நேரம் வைக்க வேண்டும் என்பதை அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து காந்தாவுக்குச் சொல்லிவிடுங்கள். பதினான்காம் தேதிக்கு நாள் இல்லை. தேவிப்ரியா என்ற அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டாம். உண்மையைச் சொல்ல நான் இப்போதும் தயார்தான் சம்பந்தியம்மா. நீங்கள் முதலில் சொன்னால், நான் உங்கள் பின்னாலேயே வந்து நிற்கிறேன்.